உப்புப் பாக்கெட்டின் மேல் ஒரு தேதி



நூலக வாசகர் வட்டத்தினர் 'அன்றாடப் பழக்கங்களும் நோய்த் தடுப்பும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. தூக்கம், நடை, புகையிலை, மது, சாப்பாடு, மனக்கவலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது உங்கள் எல்லோர் வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், ஒரு ஜாடியில் இருக்கிறது. உப்பு.

உப்பைப் பற்றிப் பேசவந்தவன் கடைசியில் ஊரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் நோய். ரத்தக்கொதிப்பு என்கிறோம், பிபி என்கிறோம், பிரஷர் என்கிறோம். பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நோய் தனக்கு இருக்கிறதா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு கணக்குச் சொன்னது. 30 முதல் 79 வயதுக்கு உட்பட்டவர்களில் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 31 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது அது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். இந்த வரிசையில் இருக்கும் மூன்று நாற்காலிகளைப் பாருங்கள். அவற்றில் ஒன்று.

தலை சுற்றினால்தான் பிரஷர், பிடரி வலித்தால்தான் பிரஷர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. சுற்றாது, வலிக்காது, தூக்கம் கெடாது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், குழாய் தாங்குகிற அளவைவிடக் கொஞ்சம் அதிகமான வேகத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? வீட்டில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் நன்றாகத்தான் வரும். ஒருநாள் எங்கோ ஓர் இணைப்பு விட்டுப்போகும். அது மூளையில் விட்டால் பக்கவாதம். இதயத்துக்குப் போகும் குழாய் கெட்டால் மாரடைப்பு. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெட்டால் டயாலிசிஸ்.

இதில் உப்புக்கு என்ன வேலை? உப்பில் இருக்கும் சோடியம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்பில் சோடியம் கூடினால் தண்ணீர் கூடும், தண்ணீர் கூடினால் ரத்தத்தின் கனஅளவு கூடும், அழுத்தம் கூடும். கூடுதல் சோடியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் பொறுப்பு. அதற்கு ஓய்வே கொடுக்காமல் மூன்று வேளையும் உப்பை அனுப்பிக்கொண்டே இருந்தால், ரத்தக் குழாயின் சுவர் நாளாக நாளாக இறுகிப்போகிறது.

"வயசானா பிரஷர் வரத்தானே டாக்டர் செய்யும்?" என்று கேட்பார்கள். வரத்தான் செய்யுமா? 1988-ல் 'இன்டர்சால்ட்' என்ற ஆய்வு வெளிவந்தது. 32 நாடுகளில், 52 இடங்களில், பத்தாயிரம் பேரின் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருக்கும் சோடியத்தை அளந்து, ரத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டார்கள். அதில் அமேசான் காட்டில் வாழும் யனோமாமி மக்களும் இருந்தார்கள். அவர்கள் சமையலில் உப்புச் சேர்ப்பதில்லை. அவர்களுடைய மேல் அழுத்தத்தின் சராசரி 100-க்கும் கீழே இருந்தது. இன்னொன்றையும் பாருங்கள். வயது ஏற ஏற அது ஏறவில்லை. இளைஞருக்கு இருந்த அழுத்தமே முதியவருக்கும் இருந்தது. அவர்கள் வாழ்க்கையில் உப்பு மட்டுமா வேறு? உழைப்பு வேறு, உணவு வேறு, உடல் எடை வேறு. எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். ஆனால் ஒன்று உறுதியாகிவிட்டது. முதுமையோடு பிரஷர் ஏறியே தீரும் என்பது இயற்கையின் சட்டம் இல்லை. நாம் வாழும் விதம் அதை ஏற்றுகிறது.

சரி, எவ்வளவு உப்புச் சாப்பிடலாம்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் நாட்டு உணவு வழிகாட்டியும் அதையேதான் சொல்கிறது. தலை தட்டிய ஒரு டீஸ்பூன். காலை இட்லி மாவிலிருந்து இரவு மோர் வரைக்கும் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான்.

நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், காசு வேண்டாம். ஒரு பேனா போதும். அடுத்த முறை ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் அன்றைய தேதியை எழுதுங்கள். அது தீரும் நாளைப் பாருங்கள். நான்கு பேர் இருக்கும் வீடு. ஆளுக்கு 5 கிராம், நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வரவேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? முப்பது நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. கஞ்சியோடு வடித்தது, கீரை அலசியது, மீன் கழுவியது என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், ஓட்டல் பரோட்டா சால்னா, பேக்கரி பன், பிள்ளைகளின் சிப்ஸ், இவை எதுவும் அந்தப் பாக்கெட்டின் கணக்கில் இல்லை. கழித்ததை அங்கே கூட்டிக்கொள்ளுங்கள்.

உப்புக் கரிக்காத இடத்திலும் சோடியம் இருக்கிறது என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஆப்பசோடாவும் சோடியம்தான். அப்பளக்காரமும் சோடியம்தான். அஜினமோட்டோவும் சோடியம்தான். போண்டாவும் பிஸ்கட்டும் நாக்குக்கு உப்பாகத் தெரியாது, சிறுநீரகத்துக்குத் தெரியும்.

இப்போது ஒரு வீட்டுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். மளிகைக் கடை வைத்திருந்தவர். வலது கையும் காலும் விழுந்து, மருத்துவமனையில் கிடந்து, பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தார். பார்க்கப் போயிருந்தேன். அடுப்பில் இரண்டு பாத்திரம். பெரிய குண்டானில் வீட்டுக்குச் சாம்பார். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணியில் அவருக்குத் தனியாக, உப்புப் போடாமல். அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்கள்: "அவருக்குத் தனியா வெச்சிடறேன் டாக்டர். ஒரு நாளும் தவறினது இல்ல."

"உங்களுக்கும்மா?"

"எனக்கென்ன டாக்டர், பெரிய குழம்புதான். காலையில பழையதும் ஊறுகாயும். எனக்கு ஒண்ணும் இல்ல."

குண்டானுக்கு எவ்வளவு உப்புப் போடுவீர்கள் என்று கேட்டேன். ஜாடிக்குள் கைவிட்டுக் கல் உப்பை அள்ளிக் காட்டினார்கள். கடைக்காரர் வீடு, எடை பார்க்கும் தராசு இருந்தது. அந்தக் கைப்பிடியைத் தட்டில் கொட்டச் சொன்னேன். முள் நாற்பது கிராமைத் தாண்டியது. ஒரு வேளைச் சாம்பாருக்கு அது. ரசத்துக்கும் பொரியலுக்கும் தயிர்ச் சோற்றுக்கும் தனி. அந்த அம்மாவுக்கே முகம் மாறிவிட்டது. "அள்ளிப் போட்டே பழகிட்டேன், நிறுத்துப் பாத்ததே இல்ல" என்றார்கள். பையில் இருந்த கருவியை எடுத்து அவர்களுக்கு பிரஷர் பார்த்தேன். கணவருக்குப் பக்கவாதம் வந்த அன்று இருந்ததைவிடக் குறைவு. ஆனால் மாத்திரை தொடங்கவேண்டிய அளவு. அந்த வீட்டில் அதுவரை யாரும் அவர்களுக்கு அளந்து பார்த்ததில்லை.

என் மனத்தை உறுத்துகிற காட்சி அந்த இரண்டு பாத்திரம்தான். இப்படி எத்தனை வீடுகள்! நோயாளிக்கு ஒரு கிண்ணம், மற்றவர்களுக்கு ஒரு குண்டான். நோயாளி பத்து நாள் தாங்குவார். பதினோராம் நாள் பேரன் தட்டிலிருந்து ஓர் அப்பளம் எடுப்பார். எடுக்கமாட்டாரா? வாசனை வீடெல்லாம் வருகிறதே! அதே குண்டானில் சாப்பிடும் மகன் நாற்பது வயதில் அதே மாத்திரைக்கு வந்து நிற்பான். 'அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தது, பரம்பரை' என்பான். பரம்பரையில் ரத்தம் வரும், உண்மைதான். குழம்பும் பரம்பரையாக வருகிறது.

மாற வேண்டியது அந்தச் சின்னக் கிண்ணம் இல்லை, தாய்மார்களே. பெரிய குண்டான்.

நான் மட்டும் சொல்லவில்லை. 1985-ல் ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய நோய்ப்பரவியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பொதுச் சுகாதாரம் படிக்கும் எல்லோரும் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அவர் வாதம் எளிமையானது. மிக அதிகமான அழுத்தம் உள்ளவர்கள் ஊரில் கொஞ்சம் பேர். லேசாகக் கூடியவர்கள் ஏராளம். தனித்தனியே பார்த்தால் லேசாகக் கூடியவருக்கு ஆபத்துக் குறைவு. ஆனால் அவர்கள் எண்ணிக்கை பெரிது என்பதால், மொத்தச் சாவுகளில் பெரும்பங்கு அவர்களிடமிருந்துதான் வருகிறது. ஆகவே நோயாளிகளை மட்டும் தேடித் தேடி வைத்தியம் செய்தால் போதாது. ஊர் முழுவதின் அளவையும் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். ஒருவருடைய உப்பில் நாளைக்கு நாலைந்து கிராம் குறைத்தால் மேல் அழுத்தம் சராசரியாக நாலைந்து புள்ளி இறங்கும். ஒரு ஆளுக்கு அது அற்பம். ஒரு மாவட்டத்துக்கு அது எத்தனையோ பக்கவாதங்கள் வராமல் போவது.

ஊரே சேர்ந்து மாறுமா? மாறியிருக்கிறது. ஜப்பானின் வடக்கே அக்கித்தா என்று ஒரு மாகாணம். நெல் விளையும் பூமி. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி மூடிவிடும். பனிக்காலத்துக்கு என்ன சாப்பிடுவது? முள்ளங்கியையும் மற்றக் காய்களையும் மீனையும் உப்பில் போட்டுவைத்துக்கொள்வார்கள். மூன்று வேளையும் உப்பான மிசோ சூப், உப்பில் ஊறிய காய், சோறு. நம் வீட்டுப் பழையதும் ஊறுகாயும் போலத்தான். 1950-களில் அங்கே ஒருவர் ஒரு நாளில் 20 கிராமுக்கு மேல் உப்புச் சாப்பிட்டார். நாற்பது ஐம்பது வயதிலேயே, வயலில் வேலை செய்கிற வயதிலேயே, ஆண்கள் பக்கவாதத்தில் சாய்ந்தார்கள். 1951 முதல் 1980 வரை ஜப்பான் முழுமைக்கும் சாவுக்கான முதல் காரணம் பக்கவாதம்தான்.

அந்த மாகாணத்தில் இக்காவா என்று ஓர் ஊர். 1963-ல் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். என்ன பெரிய வேலை? நடுவயதைத் தொட்ட எல்லோருக்கும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம் அளப்பது. கூடியிருந்தால் மருத்துவரிடம் அனுப்புவது. அதோடு நிற்கவில்லை. சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஊர்ப் பெண்களைக் கூட்டி வகுப்பு நடத்தினார்கள். சூப்பை எப்படி வைப்பது, ஊறுகாயைத் தினம் எவ்வளவு எடுப்பது என்று பேசினார்கள். ஒரு மாதம் செய்தார்களா? ஓர் ஆண்டு செய்தார்களா? தலைமுறை தாண்டிச் செய்தார்கள். அவ்வளவு தீவிரமாகச் செய்யாத பக்கத்துச் சமூகம் ஒன்றோடு ஒப்பிட்டு 1998-ல் முடிவை வெளியிட்டபோது, இக்காவா ஆண்களிடம் பக்கவாதம் அங்கே குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. நாடு முழுவதும் பக்கவாதச் சாவுகள் சரிந்தன. மருந்துக்கும் அதில் பங்குண்டு, குளிர்சாதனப் பெட்டிக்கும் பங்குண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஜப்பானியர் இன்றும் 5 கிராமுக்கு வந்துவிடவில்லை. 10 கிராம் அளவில்தான் இருக்கிறார்கள். இவ்வளவு இறங்கி வந்ததே பல உயிர்களைக் காக்க உதவியிருக்கிறது.

நம்மிடம் இக்காவாவின் செவிலியர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. உங்கள் தெருவுக்கும் அதன் பெண் தன்னார்வலர் வருகிறார். பிரஷர் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரையை வாசலில் கொடுக்கிறார். மருத்துவமனை வரிசையில் கால்கடுக்க நின்ற முதியவர்களைக் கேளுங்கள், அதன் அருமை தெரியும். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அவர் வாசலில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, நாம் அவரை அடுப்பங்கரை வரை அழைக்க வேண்டும். 'அம்மா, பாக்கெட்டில் தேதி எழுதினீர்களா?' என்று அவர் கேட்க வேண்டும். மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்பைக் குறைத்துவிட்டேன் என்று தானாக மாத்திரையை நிறுத்தியவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. குண்டானில் உப்பைக் குறைப்பது நம் வேலை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள். நியாயம். உப்பே வேண்டாம் என்று யார் சொன்னது? நாக்கு ஒரு பழக்கம். இன்று போடுவதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு புது அளவுக்கு வந்துவிடும். அப்புறம் பழைய குழம்பைக் கொடுத்தால் கரிக்கிறது என்பீர்கள். கையால் அள்ளுவதை விட்டு ஸ்பூனால் போடுங்கள். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, கொத்துமல்லி என்று நம் சமையலில் சுவைக்கு என்ன பஞ்சம்? தயிர்ச் சோற்றுக்கு உப்பு எதற்கு, பக்கத்தில் ஊறுகாய் இருக்கிறதே! இரண்டில் ஒன்று போதாதா? கருவாட்டை நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பு வையுங்கள்.

இந்துப்பு நல்லது, கல் உப்பு நல்லது, தூள் உப்புதான் கெடுதல் என்று கைப்பேசியில் வருவதை நம்பாதீர்கள். மூன்றிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்த்த உப்பை வாங்குங்கள், குறைவாகப் போடுங்கள். சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு பொட்டாசியம் சேர்த்த உப்பு இப்போது கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் அதைச் சோதித்துப் பார்த்து 2021-ல் முடிவு சொன்னார்கள். பக்கவாதம் வந்தவர்களும், பிரஷர் உள்ள முதியவர்களும்தான் அந்த ஆய்வில் இருந்தார்கள். வழக்கமான உப்பைச் சாப்பிட்ட ஊர்களைவிட அந்த உப்பைச் சாப்பிட்ட ஊர்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல செய்தி. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும்.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கேட்காமல் விடமாட்டீர்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பகுதியினருக்குத் தினமும் அரை மணி நேர நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லி, விடாமல் கவனித்தார்கள். மூன்று ஆண்டில் முதல் பகுதியினரில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இரண்டாம் பகுதியினரில் 39 சதவீதம். நம் ஊர் மக்கள், நம் சோறு சாப்பிடும் மக்கள். எல்லோரையும் காப்பாற்றவில்லை, ஆனால் நூற்றில் பதினாறு பேர் அந்த வாசலைத் தாண்டாமல் நின்றார்கள். அரை மணி நேரம் நடக்க மனம் இருந்தால் போதுமா? நடக்க இடம் வேண்டாமா? நம் கடைவீதியில் நடைபாதை எங்கே இருக்கிறது? அங்கேயும் ஊர்தான் வந்து நிற்கிறது.

அதனால் தனி மனிதர்களிடம் கேட்பதோடு நிறுத்தப் போவதில்லை. இந்த ஊரிடம் கேட்கிறேன். கோயில் அன்னதானக் குழுவினர் இங்கே இருக்கிறீர்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே அண்டாவில் குழம்பு வைக்கிறீர்கள். கல்யாணச் சமையல்காரர்கள் இருவரை முன்வரிசையில் பார்க்கிறேன். இலை போட்டதும் ஓரத்தில் உப்பு வைக்கிறோமே, அது வேண்டுகிறவர் தொட்டுக்கொள்ளத்தான். அப்படியானால் அண்டாவில் குறைக்கலாமே! ஓட்டல்காரர் சங்கத்துச் செயலாளர் அய்யா, மேசைமேல் இருக்கும் உப்புக் குடுவையை எடுத்துவிட்டு, கேட்டால் கொடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, பள்ளி வாசலில் மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் தடவித் தரும் உப்பு மிளகாய்ப்பொடியை ஒரு நாள் வகுப்பில் நிறுத்துக் காட்டுங்கள். பிள்ளைகளே வீட்டில் கணக்குக் கேட்பார்கள்.

இந்த மண்டபத்தில் ஒரு தீர்மானம் வைக்கிறேன். வாசகர் வட்டத்தின் உறுப்பினர் வீடுகள் எல்லாம் நாளைக் காலை உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதட்டும். தீரும் நாளையும், வீட்டில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையையும் நூலகத்தில் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். ஆறு மாதம் கழித்து நூலகர் அந்த நோட்டை இதே மேடையில் படிக்கட்டும். நானும் வருகிறேன், என் வீட்டுக் கணக்கும் அந்த நோட்டில் இருக்கும். சம்மதம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள். வீட்டில் சமைக்காத ஆண்களும் தூக்கலாம், ஆனால் தூக்கிய கையால் நாளைக் காலை பேனாவை எடுக்க வேண்டும்.